மெகாஹெர்ட்ஸ் பொறுக்கிய ரேம்

பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் 'சரி' சொல்லிவிட்டு எழுந்து வந்த மனிதர் ஒருவர், என் கம்ப்யூட்டருக்கு இரண்டு ரேம் ஸ்டிக் பொறுக்கிக் கொடுக்கப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் இவரைப்போல் இன்னொருவர் சிக்கமாட்டார். சிக்கினால், வடசென்னையில் அப்புறம் யாருமே கம்ப்யூட்டர் வாங்க முடியாது.

எண்ணூரில் அவருக்கு மெகாஹெர்ட்ஸ் என்று பெயர். நிஜப்பெயர் ரேஷன் கார்டிலும் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அது வந்ததே இல்லை. வேலை, ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுவது. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரேம் என்கிற கம்ப்யூட்டர் மெமரியை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடவைப்பது. ஓடினால், அது விழாமல் ஓடுகிறதா என்று சோதிப்பது. விழுந்தால், ஏன் விழுந்தது என்று மூன்று நாள் சாப்பிடாமல் யோசிப்பது.

பக்கத்து வீட்டில் மிக்சி வாங்கினால் "இது எத்தினி மெகாஹெர்ட்ஸ்?" என்று கேட்பார். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய், தொட்டிலுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாய்ஸு சோக்கா கீது. ஸ்டேபிளா கீதா?" என்று கேட்டார். குழந்தையின் அப்பா அதை டாக்டர் பாஷை என்று எண்ணி, "ரெண்டு நாள் அப்சர்வேஷன்ல வெச்சிருந்தாங்கண்ணே" என்றார்.

"ரெண்டு நாளா? அப்ப ஒண்ணும் பேஜாரு இல்ல. நல்ல ஆஸ்பத்திரி" என்று மெகாஹெர்ட்ஸ் நிம்மதியாக ஜாங்கிரியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அது விஞ்ஞானப்படி தப்பு. "பொட்டில ஆறாயிரம்னு போட்டுகிறான் பாரு, அது மெகாஹெர்ட்ஸ் இல்ல நைனா. மெகாஹெர்ட்ஸ் மூவாயிரம்தான். நம்ம கிரேன் போவும்போது ஒரு பெட்டி, வரும்போது ஒரு பெட்டி தூக்குனா எப்பிடி? அந்த மாரி. அதான் ரெண்டு மடங்கா எய்திகிறான்." இதைச் சொல்லி முடித்ததும் கேட்டவர்கள், "அப்படியா மெகாஹெர்ட்ஸ்" என்பார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு கல்யாண வீடியோவால். நான் ராயபுரத்தில் ஒரு மாடியறையில் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருக்கிறேன். கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து, எது வந்தாலும் உண்டு. அவருடைய மைத்துனர் கல்யாணத்தையும் நான்தான் வெட்டி ஒட்டினேன். பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வந்தார். கூட அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் வந்தார்.

அக்கா என் மானிட்டரைக் காட்டி, "இத்த போடு" என்றார். போட்டேன். மோதிரம் மாற்றும் நேரத்தில் பாதிரியார் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, பாதி பச்சையாகி, ஓரமாக நின்ற மாமியார் தோள்மேல் போய் உட்கார்ந்தது.

"எங்கம்மா காலைலேர்ந்து அயுதுகினு கீது" என்றார் அக்கா.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். மெகாஹெர்ட்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை. திரையை அவர் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சமும் கிடையாது. திருவிழாவில் தேரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எரரு" என்றார் மெதுவாக. "சுத்தமான மெமரி எரரு. இந்த மாரி நான் பாத்ததே இல்ல. நைனா, பொட்டிய தொற."

கேபினெட்டைத் திறந்ததும் உள்ளே இரண்டு ரேம் ஸ்டிக். ஒன்று நான் வாங்கியது, இன்னொன்று பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிச் சொருகியது. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேகம்.

"ஒரே கன்டெய்னர ரெண்டு கிரேன் தூக்குது" என்றார். "ஒண்ணு மேல இஸ்த்துகினு போவுது. இன்னொண்ணு டீ குடிக்கப் பூட்ச்சு. அப்பால ஃபாதர் மூஞ்சி எப்பிடி நேரா நிக்கும்?"

இப்படி மெமரி உளறும்போது கம்ப்யூட்டர் நின்றுபோனால் நமக்குப் புண்ணியம் என்றார். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்புத் தப்பாக எழுதி வைப்பதுதான் ஆபத்தாம். இதுவரை வெட்டி ஒட்டியதில் இன்னும் எத்தனை பாதிரியார்கள் பச்சையாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புது மெஷின் ஒன்று கட்டிவிடுவது, மெமரியை மட்டும் அவர் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. ஸ்டெல்லா அக்கா படியிறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவசரம்னா வேற ஆள பாரு" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

டோல்கேட் பக்கத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டர் பாகங்கள் கடை உண்டு. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மெகாஹெர்ட்ஸ் தலை தெரிந்ததுமே அண்ணாச்சி கல்லாவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதுபோல் எழுந்தார். மணி பத்தரை.

"உக்காருங்க அண்ணாச்சி. இன்னைக்கு வாங்கத்தான் வந்துகீறோம்."

"போன மாசமும் இதத்தான சொன்னீரு" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னிடம், "தம்பி, அரிசி வாங்குதவன் ஒரு கை அள்ளிப் பாப்பான். பாத்துட்டு மூட்டைய எடுத்துட்டுப் போயிருவான். இவரு ஒவ்வொரு அரிசியா எடுத்து நீ எந்த வயலுன்னு கேக்காரு" என்றார்.

அதில் கொஞ்சமும் மிகையில்லை. மெகாஹெர்ட்ஸ் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். அட்டைப்பெட்டியின் ஜன்னல் வழியாக ஸ்டிக்கின் லேபிளில் இருக்கும் பொடி எண்களைப் படித்தார். வெளியே ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே நிறம் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு வேறு ஆலையிலிருந்து வந்திருக்குமாம். சிலது வேகத்துக்குப் பிறந்தது, சிலது பெட்டியில் சொன்னதோடு சரி.

முதல் நாள் பார்த்ததில் கலர் விளக்கு போட்டதெல்லாம் தள்ளுபடி. "மாதா தேருக்குப் போடற சீரியல் லைட்ட மெமரில போட்டு வெச்சிகிறான். லைட்டுக்கும் சூடு வரும். யாரு பாக்கப் போறா, உள்ள கரப்பான் பூச்சி உக்காந்து படம் பாக்கப்போவுதா?"

இரண்டாம் வாரம், நான்கு ஸ்டிக் போட்டால் நிறைய இடம் கிடைக்குமே என்று நான் கேட்டுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயந்திரம்தான் விளக்கினார்: நான்கு போட்டால் மதர்போர்டுக்குச் சுமை, வேகம் இறங்கிவிடும், இரண்டே போதும், அதுவும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்ததாக இருக்கவேண்டும். போர்டு கம்பெனிக்காரன் எந்தெந்த மெமரியோடு ஒத்துப்போகும் என்று பட்டியல் போட்டிருக்கிறான், அதிலும் அது இருக்கவேண்டும்.

"இது ஏழாயிரத்து இருநூறு போட்டுருக்கே. ஆறாயிரத்தவிட இதான வேகம்?" என்று அண்ணாச்சி ஒரு பெட்டியை நீட்டினார்.

"வேகம் மட்டும் பத்தாது அண்ணாச்சி. கீய நிக்கறவன் 'தூக்கு'ன்னு கை காட்டுறான். காட்டுனதுக்கு அப்பால எத்தினி நேரம் கயிச்சு என் கை லீவர்ல போவுது? அதான் டைமிங்கு. ரொம்ப லேட்டா தூக்குற ஆளு, வேகமா ஓட்டி இன்னா புண்ணியம்? ஆறாயிரத்துல முப்பதுன்னு ஒரு டைமிங் வருது. அத்த காட்டு. தம்பி போர்டுக்கு அதான் கணக்கு."

பத்தொன்பதாம் நாள் ஒரு பெட்டியின் முன்னால் பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. கடையில் அண்ணாச்சி, நான், சார்ஜர் வாங்க வந்த இருவர், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். கடைசியில் நிமிர்ந்து, "இவந்தான்" என்றார். அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

புது மெஷினை என் அறையில் கட்டி முதல்முதலாகப் பொத்தானை அமுக்கினோம். மின்விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எனக்கு வியர்த்தது.

"அண்ணே, செத்துட்ச்சா?"

"ஷ்ஷ். டிரெய்னிங்ல கீது."

"இன்னா டிரெய்னிங்?"

"புது மெமரி, புது போர்டு. ரெண்டும் மொதல் தபா பேசிக்குதுங்க. நாம நடுவுல பூரக்கூடாது."

அறையில் அவர் என்னைக் குசுகுசுவென்றுதான் பேசவிட்டார். நான்காவது நிமிடம் திரை பளிச்சென்று எரிந்தது. மெகாஹெர்ட்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசி என்றார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். "இன்னும் எண்ணூர் டெஸ்ட்டு கீது" என்று மெஷினை ஆட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். சிமென்ட் ஷீட் கூரை, மே மாத வெயில், பகல் ஒரு மணி. சோதனை புரோகிராமை ஓடவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். பத்தாததற்கு, பக்கத்திலேயே மீன்குழம்பை வைத்துக் கொதிக்கவிடச் சொன்னார்.

"ராயபுரத்துல ஏசில எல்லாம் பாஸாவும். மனுஷன் வாய்ற எடத்துல பாஸாவணும்."

ஸ்டெல்லா அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "யோவ், கொயம்பு கொதிக்குதா, மிசினு கொதிக்குதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, நான் அடுப்ப நிறுத்தணும்" என்றார்.

மெஷின் பாஸ். குழம்பு அடிப்பிடித்திருந்தது. மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

இதெல்லாம் அவர் ஊருக்குச் செய்தது. தனக்கென்று அவர் வைத்திருந்தது ஒரு ஜோடி. பதினோரு பெட்டியில் பொறுக்கி எடுத்த ஜோடி. அதை எட்டாயிரத்தில் ஒரு மணி நேரம் ஒரு எரர்கூட இல்லாமல் ஓடவைப்பது அவர் வாழ்க்கை லட்சியம். எட்டு மாதமாக முயன்றுகொண்டிருந்தார். நாலு நிமிடம் ஓடும், விழும். வோல்டேஜை ஒரு நூல் ஏற்றுவார், டைமிங்கை ஒரு நூல் தளர்த்துவார், ஏழு நிமிடம் ஓடும், விழும். கிரேனில் ஏறினால் அவரைப்போல் பயந்தவர் கிடையாது, எள்ளளவு கூடுதல் சுமை இருந்தாலும் தொடமாட்டார் என்று யார்டில் சொல்வார்கள். நாளெல்லாம் அடக்கி வாசித்த கைக்கு ஆட ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூன்று வினாடி கூடுதலாக ஓடினாலும் எனக்குப் போன் வரும். "நைனா, பதிமூணு நிமிசம்." வைத்துவிடுவார்.

இந்த வியாதி எனக்கும் தொற்றியதுதான் விபரீதம்.

அவர் பதிமூன்றில் இருந்தபோது எனக்குக் கை அரித்தது. அவருக்குத் தெரியாமல் என் மெஷினின் செட்டிங்கில் நுழைந்தேன். ஆறாயிரத்தை ஆறாயிரத்து எண்ணூறு ஆக்கினேன். ஓடவில்லை. வோல்டேஜை ஏற்றினேன். ஓடியது. அடுத்து ஏழாயிரம். இன்னும் கொஞ்சம் வோல்டேஜ். ஏசி அறையில் ஜம்மென்று ஓடியது. அவருக்கு ஒருநாள் காட்டி அசத்தவேண்டும் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வியாசர்பாடி பெண்கள் கால்பந்து அணியின் இறுதி ஆட்டம். ஞாயிறு மாலை நான்கு மணி. அதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் வேலை என்னிடம் வந்தது. வேடிக்கைக்காக அல்ல. வெளியூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர், நேரில் வரமுடியவில்லை, நேரலையில் பார்த்து இரண்டு பெண்களுக்கு விளையாட்டுக் கோட்டாவில் இடம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அணியின் கோச், தானே ஒரு காலத்தில் ஆடிய பெண், என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நடுவுல நிக்காதுல்ல?"

"நிக்கவே நிக்காதுக்கா" என்றேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மைதானத்து ஓரம் சாமியானா பந்தலில் மெஷினை வைத்து ஓடவிட்டேன். பத்து நிமிடம். நீலத் திரை. மெஷின் விழுந்துவிட்டது. மறுபடி. ஆறு நிமிடம். நீலத் திரை. மூன்றாவது முறை திரையே வரவில்லை. பந்தலுக்குள் அடுப்பு மாதிரி வெயில். கோச் தூரத்தில் நின்று பெண்களுக்கு ஓட்டப்பயிற்சி கொடுத்துக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி கடை கிடையாது. வேறு வழியில்லாமல் மெகாஹெர்ட்ஸுக்குப் போன் செய்தேன்.

"வோல்டேஜு எத்தினி குட்த்த?"

சொன்னேன்.

சாவுச் செய்தி கேட்டவர் குரலில், "அங்கியே இரு" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் பைக் வந்தது. பின்னால் ஸ்டெல்லா அக்கா, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு, மடியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெகாஹெர்ட்ஸ் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேபினெட்டைத் திறந்து என் ஸ்டிக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று சாகக் கிடந்தது. இரண்டையும் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே அவருடைய ஜோடி.

"அண்ணே, இது உங்க எட்டாயிரம்."

"பேசாம டார்ச்ச புடி."

அவர் குனிந்து சொருகிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா அக்கா என் காதோரம் சொன்னார்: "பூசை முட்ச்சு வந்ததும் எட்டாயிரத்துல டெஸ்ட்டு போட்டாரு. ஒரு எரரு இல்ல. அம்பத்தோராவது நிமிசத்துல ஒன் போனு வந்துச்சு. அப்பிடியே ஆஃப் பண்ணிட்டு எய்ந்துட்டாரு."

ஒன்பது நிமிடம் பொறுத்துக் கிளம்பியிருந்தால்கூட ஆட்டத்துக்கு வந்திருக்கலாம்.

திரை வந்ததும் செட்டிங்கில் நுழைந்து வேகத்தைக் கீழே இறக்கினார். எட்டாயிரத்தில் ஓடத் துடித்த ஜோடியை நாலாயிரத்து எண்ணூறில் வைத்தார்.

"ஆறாயிரமாச்சும் வெக்கலாமேண்ணே" என்றேன், புத்தி வராமல்.

"நாப்பது டன் கிரேன்ல நான் முப்பத்தஞ்சுக்கு மேல தூக்கமாட்டேன். மீதி அஞ்சு டன்னு இன்னாத்துக்கு சொல்லு? கீய நிக்கறவனோட பொண்டாட்டி புள்ளைங்களுக்கு." மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்களைத் தலையால் காட்டினார். "என் வூட்ல விய்ந்தா எனக்கு. இங்க விய்ந்தா இதுங்களுக்கு. ரெண்டும் ஒண்ணா?"

பிறகு சோதனையை ஓடவிட்டார். மூன்று மணி நேரம். அது முடியும்வரை யாரையும் மெஷினைத் தொடவிடவில்லை. மூன்றரைக்குக் கோச் வந்து, "அண்ணா, ஆரம்பிக்கணும்" என்றார். "எம்பத்தொம்பது பர்சன்ட் ஆயிருக்கும்மா. நீங்க நாஸ்தா எதனா சாப்டுங்க" என்றார் இவர். மூன்று ஐம்பதுக்குச் சோதனை முடிந்தது. நான்கு மணிக்கு நேரலை ஓடியது.

ஆட்டம் எப்படி இருந்தது என்று மெகாஹெர்ட்ஸைக் கேட்கக்கூடாது. இரண்டு மணி நேரமும் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரை மூலையில் தெரிந்த மெமரி வெப்பநிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் கேபினெட்டுக்குப் பிடித்த குடை. ஸ்டெல்லா அக்கா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், கணவருக்கு அல்ல, மெஷினுக்கு. இரண்டாம் பாதியில் வியாசர்பாடி கோல் போட்டது. மொத்த ஏரியாவும் எழுந்து ஆடியது, பந்தல் கம்பம் ஆடியது, யாரோ விசிலடித்துக்கொண்டே மேசைமேல் சாய்ந்தார்கள்.

"ஆடாதீங்கப்பா" என்று கெஞ்சினார் மெகாஹெர்ட்ஸ். "நாப்பத்தேய்ல கீது."

ஆட்டம் முடிந்தது. வியாசர்பாடி ஜெயித்தது. டீ விற்க வந்தவர், பார்க்காமல் விட்ட ஏக்கத்தில் அவரிடம் கேட்டார்: "எத்தினிண்ணே?"

"ஜீரோ."

"ஜீரோவா? அப்ப இன்னாத்துக்கு ஆடுறானுங்க?"

"யோவ், அவரு கோல கேக்கறாரு" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"நான் எரர சொல்றேன்" என்றார் மெகாஹெர்ட்ஸ். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தில் பாதிகூடக் கோப்பையைத் தூக்கியவர்கள் முகத்தில் இல்லை.

மறுவாரம் கல்லூரியிலிருந்து முடிவு வந்தது. கோல் போட்ட பெண்ணை அவர்கள் எடுக்கவில்லை. அவளைவிட ஒரு வயது மூத்த கோல்கீப்பரையும், ஆட்டம் முழுக்க ஒரே இடத்தில் சுவர்போல நின்ற தடுப்பாட்டப் பெண் ஒருத்தியையும் எடுத்தார்கள். கோச்சுக்கே ஆச்சரியம். நான் போன் செய்து சொன்னதும் மெகாஹெர்ட்ஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஓடற பொண்ண உட்டுட்டு நிக்கற பொண்ண எட்த்துகிறாரு பாரு. அந்த மனுசனுக்கு மெமரி தெரியும்."

அவருடைய ஜோடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "ஓடிகினு கீற மெமரிய புடுங்கக்கூடாது நைனா. பாவம்." அண்ணாச்சி கடையில் தனக்குப் புது ஜோடி பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்த முறை அண்ணாச்சி அவருக்கென்று ஒரு நாற்காலியே போட்டுவிட்டதாகக் கேள்வி. எட்டாயிரம் இன்னும் ஒரு மணி நேரம் ஓடவில்லை. அந்த ஐம்பத்தோரு நிமிடத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அத்தனை தூரம் வண்டியோட்டி, என் மாடிப்படி ஏறி வருகிறார். "டெம்பரேச்சர் பாக்க வந்தேன்" என்கிறார். அதைப் போனிலேயே கேட்டுவிடலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் மெஷின் கொஞ்சம் சூடேறும், அவரும் கொஞ்ச நேரம் கூட இருப்பார்.